பிறந்த குழந்தையின் தோல்: எதை விட்டுவிடலாம், எதற்கு உடனே கிளம்ப வேண்டும்

என் மகள் சித்திரை மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது பிறந்தாள். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி கிளம்பியது. வீட்டில் ஆளுக்கொன்று சொல்ல, மருந்துக் கடைக்கு ஒருவர் ஓட, அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு நாளில் உண்மையிலேயே கவனித்திருக்க வேண்டிய ஒன்றைக் கோட்டை விட்டோம். அது மஞ்சள் காமாலை. ஐந்தாம் நாள் சாயங்காலம் கண்டுபிடித்தபோது, ரத்தத்தில் சேர்ந்து தோலை மஞ்சளாக்குகிற பிலிரூபின் 19.2 (ஒரு டெசிலிட்டருக்கு மி.கி.), அதாவது மிக அதிகம். புள்ளிகள் தானாகப் போய்விட்டன. மஞ்சளுக்கு இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

நான் மருத்துவர் இல்லை. குழந்தை நல மருத்துவரிடமும் செவிலியர்களிடமும் அப்போது கேட்டுக் கேட்டு எழுதி வைத்ததை, முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்களுக்கு உதவும் என்று வரிசைப்படுத்தித் தருகிறேன். முடிந்தால் எட்டாம் மாதமே படித்துவிடுங்கள். பிரசவமான பிறகு உட்கார்ந்து படிக்க நேரம் இருக்காது.

1. எட்டாம் மாதத்தில் எடுத்து வைக்க வேண்டியவை

பழைய பருத்தி வேட்டி, நைந்த சேலைத்துணி இவைதான் பச்சைக்குழந்தையின் தோலுக்கு ஏற்றவை. சதுரமாகக் கிழித்து, சோப்பில் துவைத்து நன்றாக அலசி, வெயிலில் காய வைத்து எடுத்து வையுங்கள், ஒரு 25 துணியாவது வேண்டும். புதுத்துணி வாங்கினாலும் துவைக்காமல் போடக் கூடாது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் வீடுகளில் பழைய வேட்டியும் பட்டுத்துணியும் பீரோவுக்குள் பாச்சை உருண்டையோடுதான் கிடக்கும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். அந்தக் குழந்தைகளுக்கு நாப்தலீன் உருண்டையின் வாடை ஏறிய துணியைப் போட்டால் ரத்தச் சிவப்பணு உடைந்து காமாலை கடுமையாக ஏறும். யாருக்குக் குறைவு என்று பார்த்துத் தெரியாது. அதனால் அந்த பீரோத் துணியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வாங்க வேண்டிய பட்டியல் சின்னது. வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெய், வாசனை குறைந்த குழந்தை சோப்பு ஒன்று, துத்தநாக ஆக்சைடு கலந்த டயபர் கிரீம், ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். எங்களுக்கு எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள் முடிந்தது. பவுடர், லோஷன், எண்ணெய், கண்மை எல்லாம் அடுக்கிய பரிசுப் பெட்டி இரண்டு வந்தது. அதில் பாதியை இன்றுவரை திறக்கவில்லை. முகப்பவுடர் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் போகும், மையில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, இரண்டும் தேவையே இல்லை.

2. முதல் நாள்: துடைக்கச் சொல்லாதீர்கள்

பிறந்தவுடன் உடம்பில் வெண்ணெய் அப்பியது போல ஒரு வெள்ளைப் படலம் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் 'என்ன பிள்ளையைக் கழுவாமலே குடுத்துட்டாங்க' என்பார்கள். அது அழுக்கு இல்லை. தோல் வறண்டு போகாமலும் கிருமி ஏறாமலும் காக்கிற பூச்சு, தானாகவே தோலுக்குள் ஊறிவிடும். முதல் குளியலைக் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப் போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழந்தையின் உடல்சூடு இறங்காமல் இருக்கவும் இது அவசியம்.

முதல் ஓரிரு நாள் உள்ளங்கையும் பாதமும் லேசாக நீலம் பாரித்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ரத்த ஓட்டம் இன்னும் சீராகவில்லை, அவ்வளவுதான். உதடும் நாக்கும் நீலமாக இருந்தால் அது வேறு. அந்த நிமிடமே செவிலியரைக் கூப்பிடுங்கள்.

மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வயிற்றிலும் தோல் உரியும், தேதி தாண்டிப் பிறந்த குழந்தைக்கு இன்னும் அதிகமாக உரியும். ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும். பிய்க்க வேண்டாம். தோளிலும் முதுகிலும் இருக்கும் பூனைமுடியும் சில வாரங்களில் தானே உதிரும். மாவை உருட்டித் தேய்த்து அந்த முடியை எடுக்கிற பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. பிறந்து பத்து நாளான தோலில் அது சிராய்ப்புதான், அதன் வழியாகக் கிருமி இறங்கும்.

3. டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்டு வாங்க வேண்டிய காகிதம்

எங்களுக்குப் பிரசவம் மதுரையில், அம்மா வீடு அருப்புக்கோட்டையில். கிளம்பும் அவசரத்தில் கொடுத்த காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம். ஐந்தாம் நாள் உள்ளூர் மருத்துவர் முதலில் கேட்டதே 'அம்மாவுக்கு என்ன குரூப், பிள்ளைக்கு என்ன குரூப்?' என்பதுதான். என்னுடையது ஓ பாசிட்டிவ் என்று தெரியும், குழந்தையுடையது அந்தக் காகிதத்தில் எழுதப்படவே இல்லை. தம்பி 50 கிலோமீட்டர் போய்ப் பதிவேட்டைப் பார்த்து எழுதி வாங்கி வந்தான்.

அதனால் படுக்கையை விட்டு இறங்குமுன் காகிதத்தை விரித்துப் பாருங்கள். பிறந்த தேதியும் நேரமும் மணியோடு இருக்க வேண்டும், ஏனென்றால் காமாலை அளவை குழந்தைக்கு எத்தனை மணி நேரம் வயது என்பதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். பிறப்பு எடையும் கிளம்பும் நாளின் எடையும் தனித்தனியாக வேண்டும். தாய், சேய் இருவரின் ரத்த வகையும் வேண்டும். தாய் ஓ குரூப்பாக இருந்து குழந்தை ஏ அல்லது பி குரூப்பாக இருந்தால், அல்லது தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால், காமாலை சீக்கிரமாகவும் வேகமாகவும் ஏறலாம். பிலிரூபின் பார்த்திருந்தால் அந்த எண்ணையும், எந்த நாள் மறுபடி காட்ட வேண்டும் என்ற தேதியையும் எழுதச் சொல்லுங்கள். 'ஏதாவது இருந்தால் வாங்க' என்று வாய்வார்த்தையாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வராதீர்கள்.

இதோடு தாய் சேய் நல அட்டையும் பிக்மி எண்ணும் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது கொடுத்த எண்) ஒரே ஃபைலில் இருக்கட்டும். பிறப்பைப் பதிய 21 நாள் அவகாசம், அதற்குள் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியே தகவல் அனுப்பிவிடும் என்றாலும் அனுப்பியாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

4. மஞ்சள்: தினமும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத ஆரம்பித்தேன்.

பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் தோல் மஞ்சளாகத் தொடங்கி, மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் இறங்கிவிடும். சிலருக்கு அது எல்லையைத் தாண்டி ஏறும். மிகவும் ஏறிவிட்டால் மூளையையும் காதுகேட்பதையும் பாதிக்கும், அதைத் திருப்ப முடியாது. அந்த உச்சம் வருகிற நாளில் நாம் ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டிருப்போம் என்பதுதான் சிக்கல்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பிரசவ அறையின் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள், காற்று கருப்பு அண்டக்கூடாது என்று. உள்ளே ஒரு மஞ்சள் பல்பு. நான்காம் நாள் மாவோடு மஞ்சள் குழைத்துப் பூசிக் குளிப்பாட்டியாயிற்று. ஐந்தாம் நாள் காலையிலிருந்து குழந்தை பால் குடிக்க எழவே இல்லை. அப்பத்தா 'சமத்தா தூங்குது, எழுப்பாதே' என்றார். சாயங்காலம் எடை பார்க்க வந்த கிராம சுகாதார செவிலியர் உள்ளே நுழைந்ததும், 'இந்த வெளிச்சத்துல என்னம்மா தெரியும்?' என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல் திண்ணைக்கு வந்துவிட்டார். மூக்கு நுனியைக் கட்டைவிரலால் மெதுவாக ஒரு நொடி அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் வெளிறுவதற்குப் பதிலாக எலுமிச்சைத் தோல் மாதிரி மஞ்சளாகத் தெரிந்தது. அடுத்து நெஞ்சில் அழுத்தினார், அங்கேயும் மஞ்சள். தொடையிலும். உள்ளங்காலைப் பார்த்துவிட்டு, 'ஆட்டோ வரச் சொல்லுங்க' என்றார்.

அந்த அழுத்திப் பார்க்கும் முறையை நீங்களும் செய்யலாம். பிறந்ததிலிருந்து பத்து நாள் வரை தினமும் பகலில், ஜன்னல் ஓரத்திலோ திண்ணையிலோ, நெற்றி, மூக்கு, நெஞ்சு, தொடை, பாதம் என்று மேலிருந்து கீழாக. மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். மாநிறமும் கறுப்புமான நம் குழந்தைகளுக்குத் தோலைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது, கண்ணின் வெள்ளையையும் ஈறையும் சேர்த்துப் பாருங்கள். எத்தனை அளவு என்பதைக் கண்ணால் சொல்லவே முடியாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். எங்கள் ஊர் லேபில் 250 ரூபாய் வாங்கினார்கள், ஒன்றரை மணி நேரத்தில் முடிவு வந்தது.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, எந்த நாளானாலும் உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாக இருந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, வீறிட்டு அழுதாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நிறைமாதக் குழந்தைக்கு 14 நாள் தாண்டியும் (குறைமாதம் என்றால் 21 நாள்) மஞ்சள் இருந்தால் பரிசோதனை கட்டாயம். மலம் சுண்ணாம்பு போல வெளிறியும் சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடுகிற மாதிரியும் போனால் பித்தநாளத்தில் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் அதிகம் என்பதால் தள்ளிப் போடவே கூடாது.

கண்ணிகள் மூன்று சொல்லிவிடுகிறேன். 'காலை வெயில்ல காட்டு, போயிரும்' என்பார்கள்; வெயில் சிகிச்சை இல்லை, அதை நம்பி ஒரு நாள் போவதுதான் ஆபத்து. கீழாநெல்லிச் சாறு பெரியவர்களுக்கு என்னவோ, பச்சைக்குழந்தையின் வாயில் தாய்ப்பாலைத் தவிர எதுவும் போகக் கூடாது. சர்க்கரைத் தண்ணீரும் குளுக்கோஸும் காமாலையைக் குறைக்காது, பால் குடிப்பதைத்தான் குறைக்கும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கொடுங்கள், தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள். அப்புறம், மஞ்சள் பூசாதீர்கள். எங்களுக்குக் காமாலை தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

5. சிவப்புப் புள்ளி, வெள்ளைப் புள்ளி, வேர்க்குரு

இரண்டாம் மூன்றாம் நாளில் கொசு கடித்தது போலச் சிவந்து, நடுவில் கடுகளவு மஞ்சள் வெள்ளை முனையோடு வருகிற புள்ளிகள் நிறைமாதக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வரும். காலையில் நெஞ்சில் இருந்தது மதியம் முதுகுக்குப் போயிருக்கும். உள்ளங்கை உள்ளங்காலில் வராது. குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், காய்ச்சல் இருக்காது. ஒன்று இரண்டு வாரத்தில் தடம் தெரியாமல் போய்விடும், மருந்தே வேண்டாம்.

இதைத்தான் என் சித்தி 'அக்கி மாதிரி இருக்கு, பானை செய்யறவர்கிட்ட எழுதிட்டு வந்துரலாம்' என்றார். காவி எழுதுவதைத் தடுத்துவிட்டேன். ஆனால் மருந்துக் கடையில் கொடுத்த 90 ரூபாய் ஆயின்மெண்டை வாங்கி ஒரு நாள் தடவியும் விட்டோம். அட்டையில் பார்த்தால் பீட்டாமெத்தசோன். வலுவான ஸ்டீராய்டு. பச்சைக்குழந்தையின் மெல்லிய தோல் வழியாக அது ரத்தத்துக்குள் போகும், தோலையும் மெலிய வைக்கும். சீட்டு இல்லாமல் எந்த ஆயின்மெண்டும் வாங்காதீர்கள், கடைக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி.

மூக்கிலும் கன்னத்திலும் ரவை போல வெள்ளைப் புள்ளி இருந்தால் கிள்ளாதீர்கள், சில வாரங்களில் போய்விடும். மூன்றாம் நாலாம் வாரத்தில் கன்னத்தில் பரு வருவதும் அப்படித்தான், எண்ணெய் தடவாமல் விட்டாலே போதும். உச்சந்தலையில் மஞ்சள் பொருக்கு கட்டினால் தேங்காய் எண்ணெய் தடவி ஊற வைத்து, குளிக்கும்போது மெல்லிய சீப்பால் வாரி எடுங்கள், உலர்ந்த பொருக்கைப் பிய்க்காதீர்கள்.

வேர்க்குரு நம் ஊர் வெயிலில் தப்பாது. சித்திரையில் குழந்தைக்குத் தொப்பி, கையுறை, காலுறை, மேலே ஒரு கம்பளி என்று சுற்றினால் கழுத்திலும் முதுகிலும் பொரிந்துவிடும். ஒரு மெல்லிய பருத்திச் சட்டை, மின்விசிறி மெதுவாக, அவ்வளவுதான். வேர்க்குருப் பவுடர் வேண்டாம்.

விட்டுவிடக் கூடாதவை: கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கில் சீழ் கோத்த கொப்புளங்கள், அவை பத்துக்கு மேல் இருந்தாலோ பெரிய கட்டி ஒன்று இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கொத்தாக இருந்தாலும் அப்படியே. சாதாரணப் புள்ளிதானா என்று சந்தேகமாக இருந்தால் நல்ல வெளிச்சத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு புகைப்படம் எடுங்கள். இடம் மாறுகிறதா பெரிதாகிறதா என்று மருத்துவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

6. திட்டும் மச்சமும்

இடுப்புக்குக் கீழே, புட்டத்தில் நீலச் சாம்பல் நிறத் திட்டு நம் குழந்தைகளில் நிறையப் பேருக்கு உண்டு. அடிபட்ட காயம் இல்லை, வலிக்காது, பள்ளிக்குப் போகும் வயதுக்குள் பெரும்பாலும் மங்கிவிடும். கண் இமையிலும் பிடரியிலும் அழும்போது சிவக்கிற திட்டும் சாதாரணம், இமையில் இருப்பது ஓரிரு வருடத்தில் போகும், பிடரியில் இருப்பது சிலருக்கு நிற்கும். எப்படி இருந்தாலும் டிஸ்சார்ஜ் காகிதத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

சில வாரம் கழித்துப் புதிதாகக் கிளம்பி, சிவப்பாகத் தடித்து வளர்கிற மச்சம் மட்டும் காட்ட வேண்டியது, முக்கியமாகக் கண், மூக்கு, உதட்டுப் பக்கம் இருந்தாலோ ஐந்தோ அதற்கு மேலோ இருந்தாலோ. பிறவியிலேயே நெற்றியையும் இமையையும் சேர்த்து ஒரு பக்கமாகப் படர்ந்த கருஞ்சிவப்புத் திட்டையும் காட்டுங்கள்.

7. குளியல், எண்ணெய், தொப்புள்

தொப்புள்கொடி விழும்வரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெரும்பாலும் 5 முதல் 15 நாளில் விழும். அதுவரை எதுவும் வைக்காதீர்கள்: விபூதி, மஞ்சள், பவுடர், எண்ணெய் எதுவும். டயபரை அதற்குக் கீழே மடித்துக் கட்டி, காற்றுப்பட விடுங்கள். சுற்றிலும் தோல் சிவந்தாலோ, நாற்றமோ சீழோ வந்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும்.

குளிப்பாட்ட வெந்நீர் வேண்டாம், முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். ஐந்து பத்து நிமிடத்தில் முடித்துத் துணியால் ஒற்றி எடுங்கள், கழுத்து மடிப்பில் ஈரம் நிற்கக் கூடாது. தண்ணீரில் டெட்டால் ஊற்றாதீர்கள். எண்ணெய்க்குத் தேங்காய் எண்ணெய் நல்லது. கடுகு எண்ணெய் தோலை எரிக்கும், ஆலிவ் எண்ணெயும் தோலின் மேற்படலத்தைப் பலவீனமாக்கும்.

குளிப்பாட்ட ஒரு பாட்டி வருவார். அவரிடம் முதல் நாளே, மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சில விஷயம் சொல்லிவிட வேண்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, மூக்கில் விடுவது நுரையீரலுக்குப் போகும். சாம்பிராணிப் புகை காட்ட வேண்டாம். பிறந்த குழந்தையின் மார்பு சற்று வீங்கி இருந்தால், ஆணோ பெண்ணோ, அதைப் பிதுக்கவே கூடாது. தாயின் ஹார்மோனால் வருவது, சில வாரத்தில் வற்றிவிடும். பிதுக்கினால் சீழ்க்கட்டி ஆகிவிடும். எனக்கு இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தது. 'டாக்டரம்மா எழுதியே குடுத்திருக்காங்க பாட்டி' என்று சீட்டைக் காட்டினேன், அவரும் சரி என்று விட்டுவிட்டார்.

8. டயபர் புண்

இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு துத்தநாக கிரீமைத் தடிப்பாகப் பூசுங்கள். தினமும் கொஞ்ச நேரம் டயபர் இல்லாமல் விடுங்கள். மூன்று நாளில் ஆறாமல், மடிப்புக்குள்ளும் கருஞ்சிவப்பாகி, ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளி சிதறினால் அது பூஞ்சை, வேறு மருந்து வேண்டும். அரைஞாண் கயிறும் வசம்பு வளையலும் ஈரத்தோடு உராய்ந்து புண்ணாக்கும், குறைந்தது தினமும் கழற்றித் துடையுங்கள்.

9. கிளம்ப வேண்டி வந்தால்: எங்கே, எவ்வளவு

பால் குடிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது, மூச்சு வாங்குகிறது, நெஞ்சு உள்ளிழுக்கிறது, அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 99.5 டிகிரிக்கு மேல் காட்டுகிறது, அல்லது நெஞ்சும் பாதமும் சில்லென்று இருக்கின்றன, வலிப்பு, உதடு நீலம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பச்சிளங்குழந்தைகளுக்கான தனிப் பிரிவு உண்டு. ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை எல்லாம் இலவசம், போகவரவும் வண்டி உண்டு. இது தெரியாமல் நாங்கள் பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். காமாலையைக் குறைக்க வைக்கிற நீல வெளிச்சத்தில் இரண்டு ராத்திரி, ரத்தப் பரிசோதனை மூன்று, அறை வாடகை என்று 11,400 ரூபாய். அலுவலகக் காப்பீடு இருந்தும் குழந்தையின் பெயர் சேர்க்காததால் கைக்காசுதான். உங்களுக்குக் காப்பீடு இருந்தால் குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே உண்டா, எத்தனை நாளுக்குள் பெயர் சேர்க்க வேண்டும் என்று பிரசவத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

நீல வெளிச்சத்தில் குழந்தையைக் கண்ணைக் கட்டி, டயபர் மட்டும் போட்டுப் படுக்க வைப்பார்கள். பார்க்க மனசு பிசையும். பால் கொடுக்க எடுக்கலாம், கேளுங்கள். நிறுத்திய பிறகு பிலிரூபின் கொஞ்சம் மறுபடி ஏறலாம் என்பதால், பல குழந்தைகளுக்கு மறுநாள் ஒரு பரிசோதனை சொல்வார்கள். எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமையாக விழுந்தது, உள்ளூர் லேப் மூடியிருந்தது. டிஸ்சார்ஜ் ஆகும்போதே அந்தப் பரிசோதனை எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டு, காகிதத்தின் மேலேயே எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.